‘ஒண்ணியும் இல்ல’: மனசு போட்டுக்கொள்ளும் கட்டும் அதை அவிழ்க்கும் விதமும்

சனிக்கிழமை ராத்திரி காட்பாடியில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் அம்மா கேட்கிறாள். “இன்னாடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?”

“ஒண்ணியும் இல்லம்மா.”

“வேலையில எதனா பிரச்சினையா?”

“அதான் ஒண்ணியும் இல்லன்றேனே.”

தட்டில் சோறு விழுகிறது, டிவி சத்தம் கூடுகிறது, பேச்சு அத்தோடு முடிகிறது. பெங்களூரில் அவன் பார்த்த வேலை போய் இரண்டு வாரம் ஆகிறது. அம்மாவிடம் பாசம் இல்லாதவன் அல்ல அவன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ரயிலில் நினைத்துக்கொண்டு வந்தான். வாயைத் திறக்கும் நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று தானாக மூடிக்கொண்டது.

தானாக மூடிக்கொள்ளும் அந்த ஒன்றைத்தான் மனநலத் துறையில் தற்காப்பு என்கிறார்கள். ஊரில் இப்படிப்பட்டவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு: கல்லுளிமங்கன், அழுத்தக்காரி, மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு. எல்லாமே அதைப் பிறவிக் குணமாகப் பார்க்கும் பெயர்கள். பெரும்பாலும் அது குணமே இல்லை. ஏதோ ஒரு வயதில், ஏதோ ஒரு வீட்டில், வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்ட ஒரு வித்தை. அந்த வீட்டில் அது பலித்தது. அதனால்தான் இன்னும் கூடவே வருகிறது.

வேலூர், சித்தூர் பக்கத்துக்காரர்களுக்குப் புத்தூர் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டு வைத்தியக் கட்டானாலும் ஆஸ்பத்திரி மாவுக்கட்டானாலும் வேலை ஒன்றுதான்: முறிந்த எலும்பு கூடும்வரை அந்த இடத்தை அசையவிடாமல் பிடித்து வைப்பது. பெரியவர்களுக்கு மணிக்கட்டு முறிந்தால் பொதுவாக 6 வாரம் கட்டு இருக்கும். அந்த 6 வாரத்தில் கை அசையாமல் இருப்பதுதான் மருந்து. அதே கட்டை 4 மாதம் விட்டுவைத்தால் மூட்டு இறுகிப்போகும், தசை சூம்பிப்போகும். எலும்பு கூடியிருக்கும், ஆனால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. கட்டு தப்பா என்றால் இல்லை. கட்டிய நாள் சரி, அவிழ்க்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டை அவிழ்த்தபின் முதல்முறை கையை மடக்கும்போது வலிக்கும். இறுகிய மூட்டு அசைவதால் வரும் வலி அது. எலும்பு மறுபடி முறிந்துவிட்டதோ என்று பயந்து கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தவருக்குக் கை திரும்பாது. மனசு விஷயத்தில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். பல வருஷம் சொல்லாத ஒன்றை முதன்முதலில் சொல்லும்போது நெஞ்சு படபடக்கும், தொண்டை அடைக்கும். ‘பார்த்தியா, சொன்னா இப்படித்தான் ஆகும்’ என்று மனசு உடனே முடிவு கட்டிவிடும்.

முதலில், கட்டு எப்படி விழுந்தது என்று பார்ப்போம். மனசுக்குத் தற்காப்பு உண்டு என்று 1894இல் எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1936இல் அவருடைய மகள் அன்னா ஃப்ராய்ட் அவற்றை வகைப்படுத்தி விளக்கினார். அவர்களுடைய கோட்பாடுகளில் பலவற்றை இன்று எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் தாங்க முடியாத உணர்ச்சியிலிருந்து மனசு தன்னைக் காத்துக்கொள்ளும், அதுவும் பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே காத்துக்கொள்ளும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

ஏழு வயசுப் பிள்ளை ஒன்று. நைனா குடித்துவிட்டு வந்தால் வீட்டில் ரகளை. அந்தப் பிள்ளையால் சண்டை போட முடியாது, வீட்டை விட்டுப் போகவும் முடியாது. மாற்ற முடிந்த ஒரே இடம் தன் உள்ளே. அழுதால் அடி கூடுகிறது, சத்தம் இல்லாமல் மூலையில் இருந்தால் குறைகிறது. பத்து தடவை இப்படி நடந்தால் போதும், உடம்பு கற்றுக்கொள்ளும்: உணர்ச்சியைக் காட்டாதே. இன்னொரு வீட்டில் அடி இல்லை, ஆனால் அம்மா எந்நேரமும் வேதனையில் இருக்கிறாள். அங்கே வளரும் பெண் அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வேண்டியதைக் கேட்காமலே செய்யக் கற்றுக்கொள்கிறாள். இருபது வருஷம் கழித்து ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, மாமியார் வீடு, புருஷன், பிள்ளை என்று எல்லாருக்கும் ஓடுகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அவளுக்கே தெரியாது. மூன்றாவது ஆள் எதையும் கேலியாக்கிவிடுவான். நான்காவது ஆளுக்கு முள்ளு கத்திரிக்காய் சுபாவம், கிட்டே போனால் குத்தும், காயப்படுவதற்கு முன் கோபப்பட்டுவிடுவார். ஐந்தாவது ஆள் ‘எனக்கு யாரும் வேணாம்’ என்பார், ஜுரத்தில் கிடந்தாலும் ஒரு டம்ளர் சுடுதண்ணி கேட்கமாட்டார்.

எல்லாமே சின்ன வயசில்தான் விழும் என்றும் இல்லை. வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. எல்லையில் நிற்பவருக்குப் பயத்தையும் துக்கத்தையும் அந்த நேரத்தில் ஒதுக்கிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவர் உயிரும் பக்கத்தில் நிற்பவர் உயிரும் அதில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின், மகள் தேர்வில் தோற்று அழும்போதும் அதே முகத்தோடு நின்றால், அப்பாவுக்குத் தன்மேல் அக்கறை இல்லை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

அப்படியென்றால் அவர் உள்ளே ஒன்றும் இல்லையா? இருக்கிறது. இதற்கு நல்ல சான்று உண்டு. ஒரு வயசுக் குழந்தையை அம்மா சில நிமிஷம் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வரும்போது அது என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்றை உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் வடிவமைத்தார். சில குழந்தைகள் அழுது அம்மாவைக் கட்டிக்கொள்ளும். சில குழந்தைகள் அம்மா போனதையும் வந்ததையும் கண்டுகொள்ளாத மாதிரி பொம்மையோடு விளையாடும். ‘சமத்துக் குழந்தை’ என்று தோன்றும். 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது அது ஏறியிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, நெஞ்சில் எல்லாம் இருந்தது. பெரியவர்களிடமும் இப்படித்தான். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினால் உள்ளே உடம்பின் பதற்றம் குறைவதில்லை, சில அளவுகளில் கூடுகிறது என்று கிராஸ், லெவன்சன் ஆகியோரின் 1990களின் ஆய்வுகள் காட்டின. 2003இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் முக்கியம்: பேசும்போது ஒருவர் உணர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்தால், எதிரே இருப்பவரின் ரத்த அழுத்தமும் ஏறியது. ‘நான் அடக்கிக்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்’ என்ற கணக்கு அதனால்தான் சரிவருவதில்லை.

ஆபத்து போன பிறகும் தற்காப்பு ஏன் போகவில்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்தால் மீதி எளிது. ஒரு தெருவில் நாய் கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து சுற்று வழியில் போகிறீர்கள். ஒவ்வொரு நாளும் கடிபடாமல் வீடு சேர்கிறீர்கள், சுற்று வழிதான் காப்பாற்றியது என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. அந்த நாய் செத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கலாம். தெருவுக்குள் போகாதவருக்கு அது தெரிய வழியே இல்லை. தற்காப்பு தன்னைத் தானே உயிரோடு வைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அது இருக்கும்வரை அது தேவையா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே வராது. ‘ஒண்ணியும் இல்ல’ என்று சொன்ன அந்த நொடியில் பிள்ளைக்கு ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் கூலி. அந்தக் கூலி கிடைக்கும்வரை பழக்கம் வேலையை விடாது. புத்திமதி சொல்வதாலோ ‘இனிமே மனசு உட்டுப் பேசுவேன்’ என்று சபதம் எடுப்பதாலோ இது மாறாததற்குக் காரணமும் இதுதான்.

மனசு மரத்துப்போவதைப் பற்றி வேலூரில் இருந்துகொண்டு சொல்லாமல் விடமுடியாது. 1946இல் இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகி விழுகிறது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அவர் கண்டது வேறு: நோய் நரம்பைத் தாக்கி வலி உணர்வை எடுத்துவிடுகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை வெறும் கையால் பிடிக்கிறார்கள், புண்ணான காலோடு நடக்கிறார்கள். விரலைக் கெடுத்தது வலி இல்லாமை. அந்தக் கண்டுபிடிப்பால் வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் மற்ற இடங்களிலும் சிகிச்சையே மாறியது: ஒவ்வொரு நாளும் கண்ணால் கையையும் காலையும் சோதித்துப் பார், தகுந்த செருப்புப் போடு. மனசு மரத்தவருக்கும் முதல் பாடம் அதுவே. உணர்ச்சி தானாக வந்து சொல்லாது. ஆகவே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவை எழுதினால் போதும், மூன்று விஷயம் மட்டும்: சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் எங்கே என்ன தெரிந்தது, நான் என்ன செய்தேன். ‘பொண்டாட்டி சம்பளம் பத்திக் கேட்டா. தாடை இறுகிச்சு. போனை எடுத்தேன்.’ இவ்வளவுதான். ஏன் என்று ஆராய வேண்டாம், ஆராய்ச்சியே சிலருக்கு ஒரு தற்காப்பு. தாடை இறுகுவது, குரல் தட்டையாவது, திடீரென்று தூக்கம் வருவது, அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவத் தோன்றுவது, சிரிப்பு வருவது எல்லாம் அடையாளங்கள். இரண்டு வாரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். உங்கள் கட்டு இருக்கும் இடம் அது. அதைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: இது எந்த வயசுல, யார் எதிர்ல கத்துக்கினது? பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் தோண்ட வேண்டாம், பதில் இல்லாமலும் அடுத்த வேலை நடக்கும்.

அடுத்த வேலை, கைக்குக் கொடுக்கும் பயிற்சி மாதிரி. சொல்லாமல் வைத்திருக்கும் விஷயங்களில் ஐந்தாறை எழுதி, சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று 0 முதல் 10 வரை எண் போடுங்கள். நம் பெங்களூர் பிள்ளையின் பட்டியல் இப்படி இருக்கலாம்: மெஸ் சாப்பாடு ஒத்துக்காமல் வயிறு கெட்டுக்கிடக்கிறது, 2. மேனேஜர் எல்லார் எதிரிலும் திட்டினார், 4. நண்பனிடம் கடன் வாங்கியது, 6. வேலை போனது, 9. ஆரம்பிக்க வேண்டியது 2இல்.

சொல்வதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வரி எழுதுங்கள்: ‘அம்மா பதறிப்போய் ஊரெல்லாம் சொல்லுவாங்க.’ சொன்னபின், நடந்ததை ஒரு வரி எழுதுங்கள்: ‘சீரகத் தண்ணி வெச்சிக் குடுத்தாங்க.’ இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் மருந்து. இதை விட்டுவிட்டால், நல்லபடியாக நடந்ததையும் மனசு ‘அன்னிக்கி அவங்க நல்ல மூடுல இருந்தாங்க’ என்று தள்ளிவிடும், பழைய கணக்கு மாறாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். ஒரே எண்ணில் இருக்கும் விஷயங்களை நாலைந்து தடவை சொல்லிப் படபடப்பு குறைந்த பிறகு அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

யாரிடம் என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. ரத்த சொந்தம் என்பது தகுதி ஆகாது. முன்பு சொன்ன சின்ன விஷயத்தை அவர் வெளியே விட்டாரா? அடுத்தவர் அழும்போது என்ன செய்கிறார்? சண்டையில் பழையதை எடுத்துக் குத்திக் காட்டுவாரா? குத்திக் காட்டுபவர் எவ்வளவு நெருக்கமானாலும் 5க்கு மேல் எண் போட்ட விஷயத்துக்கு ஆள் அல்ல.

இடமும் நேரமும் சின்ன விஷயமாகத் தெரியும், பாதி தோல்விகள் அதில்தான். கல்யாண வீடு, பசி நேரம், ராத்திரி பதினொரு மணி போன், மூன்றும் வேண்டாம். முகத்துக்கு முகம் உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சொல்வது எளிது. பைக்கில் போகும்போது, மொச்சை உரிக்கும்போது, கோட்டை அகழி ஓரமாக நடக்கும்போது கண்ணைப் பார்க்கும் கட்டாயம் இல்லை, மௌனமும் விகாரமாகத் தெரியாது.

கெட்டுப்போகும் வழிகளில் மோசமானது, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பது. நாலு மாதம் இறுகிய மணிக்கட்டை ஒரே இழுப்பில் மடக்குவது மாதிரி அது. மறுநாள் காலையில் கூச்சம் வந்து, முன்னைவிட இறுக்கமாக மூடிக்கொண்டு, ஒரு மாதம் அந்த ஆள் முகத்தில் விழிக்காமல் திரிபவர்கள் உண்டு. குடித்தால் மட்டும் மனசு திறப்பவர்களுக்கு வேறு சிக்கல்: போதையில் சொன்னது போதையின் கணக்கில் போய்விடும், தெளிவாக இருக்கும்போது சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் அப்படியே இருக்கும். பாதி சொல்லிவிட்டு மீதியை எதிராளி தானே புரிந்துகொள்கிறாரா என்று சோதிப்பதும் பயிற்சி ஆகாது.

சண்டையின் நடுவே கதவு மூடிக்கொண்டால் என்ன செய்வது? தம்பதிகளை ஆய்வு செய்த ஜான் காட்மன், இதயம் நிமிஷத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும் நிலையில் எதிராளி சொல்வதை நிதானமாகக் காதில் வாங்க முடிவதில்லை என்றும், அடங்கக் குறைந்தது 20 நிமிஷம் வேண்டும் என்றும் சொல்கிறார். மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தெரிந்துவிடும். 100 தாண்டினால் பேச்சை நிறுத்துங்கள், ஆனால் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். “இப்ப பேசுனா கத்திடுவேன். எட்டரைக்குப் பேசலாம்.” நேரம் சொல்லாமல் எழுந்து போனால் எதிராளிக்கு அது கைவிட்டுப் போனது மாதிரிதான். அந்த 20 நிமிஷத்தில் மனசுக்குள் பதிலடி தயாரித்துக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. நடங்கள், முகம் கழுவுங்கள், செடிக்குத் தண்ணி ஊற்றுங்கள்.

கேட்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் வேலை உண்டு. “வாயில இன்னா கொழுக்கட்டையா?” “எங்கிட்டயே மறைக்கிறியா?” இரண்டும் கட்டை இன்னும் இறுக்கும். எப்போதாவது ஒரு வார்த்தை வெளியே வந்தால் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள், பிறகு “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு, உடனே யோசனை சொல்வது. அதற்கடுத்தது, கேட்டவர் தேம்பி அழுது, சொன்னவரே சமாதானப்படுத்த வேண்டி வருவது. அப்படி ஒருமுறை நடந்தால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: என் கஷ்டம் அம்மாவைக் கொல்லும். கல் மாதிரி இருக்கவும் வேண்டாம். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. நீ சொன்னது நல்லதாப்போச்சு” என்றால் போதும்.

எல்லாக் கட்டையும் அவிழ்க்க வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாவு வீட்டில் ஒருவர் அழாமல் நின்று எல்லா ஏற்பாட்டையும் பார்த்துவிட்டு, பதினாறாம் நாள் முடிந்து அழுகிறார் என்றால் அது ஆரோக்கியமான தற்காப்பு. 1970களில் ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநல மருத்துவர், நகைச்சுவை, தெரிந்தே ஒத்திப்போடுவது போன்றவற்றை முதிர்ந்த தற்காப்புகள் என்று தனியே வகைப்படுத்தினார். பார்க்க வேண்டியது, வேண்டாத நேரத்தில் கழற்ற முடிகிறதா என்பதை மட்டும். இன்னும் முக்கியமானது: ஆபத்து இன்னும் வீட்டுக்குள் இருந்தால், அடிக்கிற புருஷனிடம் மனசு திறக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, பழைய சம்பவம் கண்முன் திரும்பத் திரும்ப வருவது, குடி கூடுவது, சாகத் தோன்றுவது இவற்றில் எது இருந்தாலும் நோட்டும் பயிற்சியும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையத்தில், குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடித்து வருகிறார்கள். ஒருவருடைய கட்டை அவிழ்க்கும்போது கூட இருப்பவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை இந்த ஊர் முன்பே புரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு வருவோம். 9 எண் போட்ட விஷயத்தை அவன் இந்தச் சனிக்கிழமை சொல்ல வேண்டியதில்லை. ‘ஒண்ணியும் இல்ல’ என்பதற்குப் பதிலாக ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றிச் சொல்லலாம்: “இருக்குதும்மா. இன்னிக்கி சொல்ல வரல.” இதற்குப் பட்டியலில் எண் 1. பொய்யும் இல்லை, கொட்டலும் இல்லை. அம்மா சொல்ல வேண்டியது, “சரி, சாப்பிடு.” தங்கச்சியிடமோ பக்கத்து வீட்டிலோ அதைச் சொல்லக்கூடாது. ஞாயிறு சாயங்காலம் அவன் பையைத் தூக்கும்போது ஒருமுறை, ஒரே ஒருமுறை, “சொல்லணும்னு இருந்தா சொல்லுடா” என்று கேட்டுப் பார்க்கலாம். அவன் தலையை ஆட்டினால், வழக்கம்போல் தயிர் சாத டப்பாவைப் பையில் வைத்து அனுப்பிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரை போனில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்க வேண்டும்.